இரண்டு அரை மூட்டை

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஸ்கேன் டாக்டருக்கு அது ஆகாது. திரையில் தெரிவதை அளந்து எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அன்று இருக்க முடியவில்லை.

கிடங்கு முதலாளியின் சிறுநீரகங்களை ஆரம்பத்திலிருந்து நான்தான் அளக்கிறேன். ரத்தக்கொதிப்பு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிட்டது. டயாலிசிஸும் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால்தான் ஆள் பிழைப்பார். அதற்குத் தம்பியைக் கூட்டி வந்திருந்தார், ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல்.

"முதல்ல சைஸைச் சொல்லுங்கம்மா. சரக்கைப் பார்க்காம நான் எதையும் எடுக்கிறதில்ல."

தம்பி அதே கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். சட்டையை உயர்த்திக்கொண்டு படுத்தார். வலப்பக்கம் கருவியை வைத்தேன். சிறுநீரகத்தின் நீளம் குறைவாக இருந்தது. கருவி சாய்ந்திருந்தால் அப்படிக் காட்டும். நேராக்கி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். ஒருக்களித்துப் படுக்கவைத்தும் அளந்தேன். சனியன், அதே அளவுதான். மேற்சதை மெலிந்து, ஓரமெல்லாம் மேடு பள்ளமாக, திரையில் கல்லீரலைவிட வெளுத்துக் கிடந்தது; நல்ல சிறுநீரகம் அப்படி வெளுத்துத் தெரியாது. இடப்பக்கமும் அப்படியே.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"முதுகுவலி மாத்திரைதாம்மா. போட்டாத்தான் மூட்டை தூக்க முடியும். வருஷக்கணக்கா அண்ணன் தன் கையாலயே கொடுக்கிறாரு. ஒரு நாள்கூட மறந்ததில்ல."

கருவியைக் கீழே வைத்தேன். அண்ணனைப் பார்த்துப் போட்டு உடைத்தேன்.

"உங்க தம்பிக்கும் ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சு. நீங்க கொடுத்த மாத்திரைதான் அதைத் தின்னிருக்கு. இவர் உங்களுக்குக் கொடுக்க முடியாது. இவருக்கே நாளைக்கு யாராவது கொடுக்கணும்."

தம்பியின் முகம் வெளிறியது. அண்ணன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சைஸுதானே கம்மி? ரெண்டையும் எடுத்து எனக்கு வச்சிடுங்க. ரெண்டு அரை மூட்டை சேர்ந்தா ஒரு மூட்டைதானே?"

"அப்ப இவரு?"

"அவனுக்குத்தான் டயாலிசிஸ் இருக்கே."

இப்படியும் ஒரு பிறவியா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூட்டை இல்லய்யா, மனுஷன்! கெட்டது ரெண்டு சேர்ந்தாலும் கெட்டதுதான். இவர்கிட்ட இனி உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சாகப்போகிற மனிதர்தான், ஆனால் எனக்குப் பாவமாக இல்லை.

தம்பி ஜெல்லைத் துடைத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி கட்டிலை விட்டு இறங்கினார். லேசாக முனகினார். அண்ணனின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குள் போனது.

"முதுகா? இந்தா, போட்டுக்க. லாரி வந்து நிக்குது."

"ஐயோ, அதைப் போடாதீங்க!" என்று கத்தினேன்.

தம்பி என்னைத்தான் முறைத்தார்.

"அண்ணனே நொந்துபோய் உட்கார்ந்திருக்காரு. நீங்க வேற ஏம்மா?"

தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார்.