பாராவுக்கு வந்த போட்டி

திருவோணத்தன்று காவல் நிலைய வாசலில் பாரா நிற்கும் முறை காவலர் ரஜீஷுடையது. அன்றைக்குத்தான் அவன் மகளுக்குக் கோயிலில் முதல் சோறூட்டு. மாற்றிக்கொள்ளச் சொல்லி மூன்று சகாக்களைக் கெஞ்சினான். ஓண விருந்தை விட்டுவிட்டு யார் வருவார்கள்? கடைசியில் எஸ்.ஐ. ஷீபாவிடம் போய் நின்றான்.

"நான் நிக்கறேன், போயிட்டு வா" என்றார் அவர்.

"ஐயோ மேடம், எஸ்.ஐ. பாரா நின்னா ஊரே சிரிக்குமே!"

"ஓணமாச்சே, சிரிக்கட்டும். முதல் சோத்தைப் புள்ளை அப்பன் மடியில உக்காந்து சாப்பிடணும். ஓடு, பஸ்ஸை விட்டுடாதே!"

மகளுக்கு ஊட்டிவிட்டு, தூக்குவாளி நிறையப் பாயசத்தோடு மதியமே ஓடி வந்தான் ரஜீஷ். வாசலில் ஒரே சத்தம். வரமாட்டேன் என்ற அந்த மூவரும் சீருடையோடு வந்து, ஷீபாவின் கையிலிருந்த துப்பாக்கிக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேடம் வெயில்ல நிக்கறாங்கன்னு கேட்டப்புறம் எங்களுக்குச் சோறு எறங்குமாடா?" என்று மூவரில் ஒருவனான ஜோபி அவன்மேல் பாய்ந்தான்.

"நகருங்கடா, இது என் முறை" என்று துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, தூக்குவாளியை அவர்களிடம் நீட்டினான் ரஜீஷ்.

குருவாயூரப்பன் புண்ணியத்தில், பாயசம் தீரும்வரை ஒரு புகாரும் வரவில்லை.