பவளம் என்று சொன்னேன்

அந்தப் பாறை அழிந்ததற்கு நான்தான் காரணம். வெடி வைத்த கை வேறொருவனுடையது. அந்தக் கையைத் தூண்டிவிட்டது என் வாய்.

1978-ல் நான் மலேசியாவில், ஈப்போ மீன்வள இலாகாவில் வேலை பார்த்தேன். பெயர் பஞ்சலிங்கம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர். எங்கள் வீட்டில் சோறு குறைந்தாலும் தமிழ் குறையக் கூடாது. ரப்பர் தோட்டத்துச் சனங்கள் மலாய் கலந்து பேசினால் எனக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும். அந்தத் திமிரின் கதைதான் இது.

பாகான் டத்தோவிலிருந்து படகில் இரண்டு மணி நேரம் போனால் பெயர்கூட இல்லாத ஒரு குட்டித் தீவு வரும். அதன் தெற்குப் பக்கம், மூன்று ஆள் ஆழத்தில் அந்தப் பாறை இருந்தது. வருஷத்துக்கு மூன்று முறை கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்குவேன். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று ஒரு கோயில் கோபுரமே தண்ணீருக்குள் நிற்கும். ஒவ்வொரு பொந்திலும் ஒரு குஞ்சு ஒளிந்திருக்கும். பெரிய கெராப்பு மீன் வாயைத் திறந்துகொண்டு சும்மா நிற்கும். மற்ற இடங்களை எல்லாம் மீனுக்கு வெடி போட்டே நாசமாக்கிவிட்டார்கள். இந்த ஒன்றையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அதற்காகத்தான் கரையோரத் தென்னந்தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டேன். அறுபது பேர் வந்தார்கள். என்னைப் படகில் கூட்டிப்போகும் சன்னாசி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவர்கள் எல்லோரும் அந்தப் பாறையைப் 'பத்து காராங்' என்று மலாயில்தான் சொல்வார்கள். பத்து என்றால் கல். நானும் அப்படியே சொல்லித் தொலைத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"அதுக்கு அழகான தமிழ்ப் பேர் இருக்கு. பவளப் பாறை. அது வெறும் கல் இல்லை, உயிர். கடுகளவு பூச்சிகள் கூடிக் கூடிக் கட்டிய வீடு. மீன் குஞ்சு பொரிக்கிறதும் வளருறதும் அங்கேதான். அது செத்தால் உங்கள் வலையில் பாசிதான் விழும்" என்றேன். நன்றாகப் பேசுகிறேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். சன்னாசியின் மச்சான், பெயர் ஐயாவு. தோட்டத்தில் மரம் சீவி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு ஈப்போ பக்கம் கல்லுடைக்கிற மலையில் வெடி வைக்கிற வேலைக்குப் போனவர்.

"ஐயா, நெசமாவே பவளமா? மோதிரத்துல வெக்கிறாங்களே, அந்தப் பவளமா?"

அன்று வேறு யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆளை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

"பவளம்தான் ஐயாவு! ஒரு மலை அளவு பவளம். உங்கள் ஊர்ச் சொத்து" என்றேன். கை தட்டினார்கள்.

மூன்று மாதம் கழித்துச் சன்னாசியின் படகில் போனேன். வழக்கமாக வாய் ஓயாதவன் அன்று எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இறங்கிப் பார்த்தேன். கோபுரம் இல்லை. உடைந்த பீங்கான் குவியல் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. ஒரு குஞ்சுகூட இல்லை. சத்தமே இல்லை. தண்ணீருக்கு அடியில் அழ முடியாது என்று நினைத்திருந்தேன், முடியும். கண்ணாடிக்குள் நிறைந்துவிட்டது.

மேலே வந்து சன்னாசியின் சட்டையைப் பிடித்தேன்.

"மச்சான்தான் ஐயா" என்றான். "மீனுக்காவ இல்லலா. மவளுக்காவ. நான் வேணாம்னுதான் சொன்னேன். ஒரே ஒரு துண்டுன்னாரு. மலையில வெக்கிற கணக்குல வெச்சிட்டாரு."

படகைக் கரைக்குத் திருப்பினான். இறங்கும்போது, "ரெண்டு மாசமா எனக்கே மீன் இல்ல" என்று மட்டும் சொன்னான்.

மறுநாளே ஐயாவு வீட்டுக்குப் போனேன். திட்டித் தீர்த்துவிட்டு அப்படியே போலீசுக்குப் போவதாக முடிவு. பத்து காஜா சிறைக்கு அனுப்பாமல் விடுவதில்லை என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனேன். வாசலிலேயே அழுகிய கடல் நாற்றம் அடித்தது.

என்னைப் பார்த்ததும் ஐயாவு முகமெல்லாம் மலர்ந்தார்.

"நீங்களே வந்துட்டீங்க! கும்புடப் போன சாமி குறுக்க வந்த மாதிரி. வாங்க ஐயா. மங்களம், ஐயா வந்திருக்காங்க, கோப்பி போடு."

ஒரு பால்மாவு டின்னைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். உள்ளே வெள்ளைத் துண்டுகள்.

"எடுக்கையில செவசெவன்னு இருந்திச்சுலா. வீட்டுக்கு வந்து சேரங்குள்ள சாயம் போயிருச்சு. மவளுக்குச் செவ்வா தோசம். மூணு எடம் தட்டிப்போச்சு. பவளம் போட்டாதான் அமையும்னு சோசியர் சொல்லிட்டாரு. கடையில வாங்க நமக்கு எங்க முடியும்? வார ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வாராங்க. இத எப்புடி ஐயா மறுபடி செவப்பாக்குறது?"

கோப்பியை வைத்துவிட்டு மகள் மங்களம் கதவோரம் நின்றாள். முப்பதை நெருங்கும் முகம். அவள் விரலில் ஒரு மோதிரம் இருந்தது. அதன் நடுவே, தேய்த்து உருட்டிய ஒரு வெள்ளைக் கல். முன்கூட்டியே செய்து போட்டுவிட்டிருந்தார்கள்.

டின்னிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன்.

"இது வேற ஐயாவு" என்றேன். "மோதிரத்துப் பவளம் வேற கடலில் இருக்கு. இது அது இல்லை. சிவப்பாக இருந்தது இதன் உயிர். அது போய்விட்டது. திரும்பி வராது."

அவர் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப ஏன் ஐயா பவளம்னு சொன்னீங்க?"

"உயிர் என்றும் சொன்னேனே, ஐயாவு. மீன் குஞ்சுக்கு வீடு என்றும் சொன்னேன்."

"சொல்லியிருப்பீங்க" என்றார் மெதுவாக. "பவளம்னதுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணும் காதுல விழல."

மங்களம் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். அது முட்டியில் மாட்டிக்கொண்டது. அப்பாவும் மகளும் சேர்ந்து அந்த விரலைப் பிடித்து இழுத்தார்கள். நான் கோப்பியைத் தொடாமல் எழுந்து வெளியே வந்தேன்.

மறுநாள் ஆபீசில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பாறை முழுதும் அழிந்தது, மீன் இல்லை, மீள வாய்ப்பில்லை என்று மலாயில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஐயாவு பெயரை எழுதினால் என் பெயரையும் எழுத வேண்டும். 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.