பசை விட்ட பல்

பல் விழுந்தது என் தப்பு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகத்தில் எது உடைந்தாலும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்; பின்னறையில் உட்கார்ந்து புதைபடிவ எலும்புகளைச் சுத்தம் செய்பவள் நான் ஒருத்திதானே.

அது, புது இனம் என்று அப்பா கண்டுபிடித்துப் பெயர் சூட்டிய விலங்கின் தாடை. மேலே பூசியிருந்த வார்னிஷ் மஞ்சளேறிக் கிடந்தது. அசிட்டோனில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பழைய பசை இளகி, கடைவாய்ப் பல் ஒன்று கையோடு வந்துவிட்டது.

பல் வேரில் செம்மணல் ஒட்டியிருந்தது. தாடைக் குழியிலோ சாம்பல் நிறக் களிமண்.

சுண்ணாம்புக் குவாரியில் அந்த இரண்டு மண்ணும் இருபது அடி மேலும் கீழுமாக இருக்கின்றன. இருபது அடி என்றால் எங்கள் கணக்கில் பல லட்சம் வருடம். அந்தக் காலத்தில் வெடி வைத்த பிறகு எலும்பு போல எது கண்ணில் பட்டாலும், குவாரிக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அள்ளிப் போட்டு லாரியில் கொடுத்தனுப்புவார்கள். டிரைவர் கல்லூரி வாசலில் ஹாரன் அடித்தால் அப்பா வகுப்பைப் பாதியில் விட்டு ஓடுவார். எங்கள் ஊர்ப் புதைபடிவ வரலாற்றில் பாதி அந்த ஹாரனில்தான் தொடங்குகிறது.

தாடை, தழை தின்னும் விலங்கினுடையது. பல், கிழங்கு தோண்டித் தின்னும் விலங்கின் பல். இரண்டும் ஒரே வாயில் இருந்ததால்தான் அது புது இனம். அதற்கு அப்பா அம்மாவின் பெயரை வைத்தார். இப்போது பார்த்தால் அப்படி ஒரு விலங்கு பிறக்கவே இல்லை.

காப்பாளர் நல்ல மனிதர். எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "ஒட்டி வச்சுடும்மா. யாரு பார்க்கப் போறா? அப்பாவுக்கு இந்த வயசுல இது தேவையா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பேத்தி இல்லை; பசைக் குப்பியைத் திறந்தேன். பிறகு மூடினேன். அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பல்லையும் தாடையையும் பஞ்சுப் பெட்டியில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அப்பா கணினியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்ததும் பல்லை எடுத்தார். எடுத்த எடுப்பில் வேரைத் திருப்பிப் பார்த்தார். விஷயம் தெரியாதவர் அங்கே பார்க்க மாட்டார்.

"உங்களுக்குத் தெரியும்," என்றேன்.

"அப்ப தெரியாது. ஒரே சாக்குல வந்ததால ஒரே மிருகம்னு நினைச்சுட்டேன். கட்டுரை அச்சாகி வந்தப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா?"

"உங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தா. கட்டுரையில வந்த தாடைப் படத்தைத் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டு, வர்ற நர்ஸ்கிட்டயெல்லாம், 'என் பல்லைப் பாருங்க, எவ்ளோ பெருசு'ன்னு சிரிச்சா. நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

"அம்மா போய் இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

"போனதுக்கப்புறம் சொல்றது இன்னும் கஷ்டமா இருந்துச்சு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தத் தாடையை வச்சு மூணு பேர் ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கியிருக்காங்க. உங்களை நம்பித்தானே?"

"ஆமா," என்றார்.

சாக்குப்போக்கு ஏதாவது சொல்லியிருந்தால் பிடித்து உலுக்கியிருப்பேன். அந்த 'ஆமா'வோடு எப்படிச் சண்டை போடுவது?

எழுந்து நாற்காலியை எனக்கு நகர்த்திக் கொடுத்தார். "கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தம் எழுதணும். நான் சொல்லச் சொல்ல டைப் அடி. தப்பு என்னோடதுன்னு முதல் வரியிலயே வரட்டும்."

சொன்னார். தாடை ஏற்கெனவே தெரிந்த விலங்கினுடையது, பல் வேறொன்றினுடையது, சேர்த்து ஒட்டியவர் கட்டுரை ஆசிரியர். குரல் பிசிறவில்லை. ரத்தாகும் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் நின்றுவிட்டார்.

"அதை நீயே போட்டுக்கோ."

எங்கள் துறையில் தப்பான பெயரை அழித்துவிடுவதில்லை. சரியான பெயருக்குக் கீழே பழைய பெயராக அதுவும் காலத்துக்கும் நிற்கும். எழுத ஒரு முறை உண்டு: இனத்தின் பெயர், அதை வைத்தவரின் பெயர், வைத்த ஆண்டு. அடித்தேன். அம்மா பெயர், பக்கத்திலேயே அப்பா பெயர், கல்யாணப் பத்திரிகையில் வருவதுபோல. அடுத்து ஆண்டு. அது அம்மா போன ஆண்டு. கடைசியில், 'செல்லாது'.

"எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கு," என்றார்.

ஆக்கினேன். அந்த ஒரு வரி திரை முழுக்க நின்றது. நெடுநேரம் பார்த்தார்.

"சரி, அனுப்பிடு."

சொன்னாரே தவிர, என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். விட்டால்தானே அனுப்ப முடியும்? நானும் கையை இழுக்கவில்லை.