வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம்

"வேற வார்த்தை பாருன்னா பாரேன்டி!"

"உனக்கு டீச்சர் குடுத்த வார்த்தைம்மா, நான் எப்படி மாத்த..."

"தலைவலின்னு சொல்லிடு. வகுப்புக்கே போகல, போ!"

"நல்லா இருக்கே! இந்த வயசுல இங்கிலீஷ் படிச்சே தீருவேன்னு ஒத்தைக் கால்ல நின்னது யாரு, நானா?"

சலவைக்கடையில் இருபது வருடமாக இஸ்திரி போடும் அம்மா வீட்டுப்பாட நோட்டை மகள் பக்கம் தள்ளினாள். மகள் அகராதியை மறுபடி விரித்தாள்.

"ஸ்கேப்கோட்னா பலிகடா. அடுத்தவங்க தப்பைச் சுமக்கிறவங்க. அந்தக் காலத்துல ஊர்ப் பாவத்தையெல்லாம் ஒரு ஆட்டுத் தலையில ஏத்தி..."

"வெட்டிட்டாங்களாக்கும்."

"அதான் இல்ல. வனாந்தரத்துக்கு விரட்டி விட்டுட்டாங்க. தப்பிப் போன ஆடு, எஸ்கேப் ஆன கோட். அதான் அந்தப் பேரு."

"விரட்டியா விட்டாங்க?" அம்மா அகராதியை இழுத்து மூடினாள்.

கடையில் தேய்த்த துணி ஒவ்வொன்றிலும் தேய்த்தவரின் நம்பர் சீட்டைக் குத்த வேண்டும். போன மாதம் ஒரு கல்யாணக் கோட்டின் முதுகைப் பொசுக்கியவள் அம்மா. முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டதும் தன் நாலாம் நம்பரைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து மேஜையிலிருந்த ஒன்பதைக் குத்தினாள். ஒன்பது, எல்லோரும் 'மடிப்பு' என்று கூப்பிடும் பெண். அவள் மடித்த சட்டை கத்தி மாதிரி நிற்கும். "நான் இதைத் தொடவே இல்லீங்க" என்று அவள் மன்றாடியபோது அம்மா குனிந்து, ஏற்கெனவே தேய்த்த தலையணை உறையை மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே மடிப்பை அனுப்பிவிட்டார்கள்.

வேறு வேலைக்கு இங்கிலீஷ் வேண்டுமென்று மடிப்பும் இப்போது அதே ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

"அக்கா, இங்க வாங்க! உங்களுக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்" என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா பெஞ்சின் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே இருக்க உட்கார்ந்தாள்.

அம்மாவின் முறை வந்தது. எழுந்து வார்த்தையின் பொருளைச் சொன்னாள். ஆட்டின் கதையையும் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள்.

"பிரமாதம்! இப்ப இந்த வார்த்தைக்கு உங்க வாழ்க்கையிலேருந்து ஒரு வாக்கியம்" என்றார் டீச்சர்.

மகள் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. பூனை பாலைக் குடித்தது, நாய் அடி வாங்கியது என்று ஒரு வாக்கியம். எழுத்து வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

"தைரியமா சொல்லுங்கக்கா" என்று மடிப்பு அவள் முந்தானையை இழுத்தாள். "தப்பானா யாரு சிரிக்கப் போறா?"

அம்மா தாளைக் கசக்கினாள். டீச்சரைப் பார்க்காமல் பக்கத்தில் திரும்பினாள்.

"அந்தக் கோட்டுல உன் சீட்டைக் குத்தினது நான்தான்மா."