சாய்வு மைனஸ் நாலு

கணக்கு டீச்சருக்கு எதையும் வரைபடத் தாளில் போட்டுப் பார்த்தால்தான் மனம் ஆறும். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன ஒரே மகள், ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு போன் செய்வாள். பீரோ கதவில் ஒட்டிய தாளில் கிடைமட்டமாக வாரங்கள், செங்குத்தாகப் பேசிய நிமிடங்கள்.

மகள் போய் இறங்கிய ஞாயிறு பேசியது நாற்பத்துநாலு நிமிடம். அது ஒய் வெட்டுத்துண்டு, கோடு புறப்படும் இடம். ஒன்றிரண்டு புள்ளிகள் அப்படி இப்படி விலகினாலும், வாரத்துக்கு நாலு நிமிடம் குறைந்துகொண்டே வந்தது. சாய்வு மைனஸ் நாலு. அதிலிருந்து பத்தாவது ஞாயிறு நாலே நிமிடம். பதினோராவது ஞாயிறு கோடு எக்ஸ் அச்சைத் தொட்டுவிடும். அன்றைக்கு போன் வராது.

எக்ஸ் வெட்டுத்துண்டு வேண்டுமா, ஒய்யைப் பூஜ்ஜியமாக்கு என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள்தான். அந்தப் பூஜ்ஜியம் இப்படித் தூக்கத்தைக் கெடுக்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

பதினோராவது ஞாயிறு, சுத்தமாக இருந்த வீட்டையே இரண்டு தடவை கூட்டினாள். மணி ஐந்து ஆயிற்று. ஐந்து ஐந்தும் ஆயிற்று. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்து தொலைத்தது. ஐந்து பத்துக்கு போன் அடித்தது.

"சாப்பிட்டியா கண்ணு?"

"ம். நீ?"

"ஆச்சு. சரி கண்ணு, உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். வச்சிடட்டுமா?"

மகள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிடக் கூடாதே என்று எப்போதும் இவளே முந்திக்கொள்வாள். அப்படி ஒரு ரோஷம்.

"அம்மா, இரு. எப்பப் பாரு நீயே வைக்கிற. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள வச்சிடற. ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்லம்மா. பேச வேற ஆளும் இல்ல."

டீச்சர் பீரோ கதவைப் பார்த்தாள். பத்து வாரமாக அந்தக் கோட்டைக் கீழே இழுத்தது தன் கைதான் என்று உறைத்தபோது வெட்கமாக இருந்தது.

"வைக்கலடி," என்றாள். "நீயும் வைக்காத."

"வைக்கல."

இருவரும் போனைக் காதிலேயே வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் மின்விசிறி கடகடத்தது. இந்தப் பக்கம் குழாய் சொட்டியது. நாற்பத்தைந்து நிமிடம் தாண்டியது. புள்ளி வைக்கப் பென்சில் அடுத்த அறையில் இருந்தது. எழுந்து போகிற சத்தம் கேட்டு மகள் வைத்துவிடப் போகிறாளே என்று டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.