நடு நாற்காலி

கால் தரைக்கு எட்டவில்லை, கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையை உட்கார வைக்கிற சிவப்பு வெல்வெட் சிம்மாசனத்தை வாடகைக்கு எடுத்துப் போட்டிருக்கிறார்கள் கோயில் கொடைத் திருவிழா நடத்துகிறவர்கள், அதன் விளிம்பில் பாதம் அந்தரத்தில் தொங்கச் செண்பகவடிவு உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு பக்கமும் பேச்சாளர்கள், எதிரே மணலில் ஊரே இருக்கிறது, நிம்மதி கூட்டுக் குடும்பத்திலா தனிக்குடித்தனத்திலா என்று அவள் தீர்ப்புச் சொல்ல வேண்டும், சொல்லியிருக்க வேண்டியவர் கதிரேசபாண்டியன் ஐயா, தென்மாவட்டத்துப் பட்டிமன்றங்களில் நடுவர் நாற்காலியை அவருக்குப் பட்டா போட்டே கொடுத்திருந்தார்கள், மத்தியானம் தொண்டை கட்டி வெறும் காற்று மட்டும் வந்தது, அந்தக் காற்றிலேயே போனில் சொன்னார், நீயே உக்காந்துரும்மா, என்ன பெரிய வித்தை, எல்லாரும் பேசி முடிச்சதும் கூட்டுக் குடும்பம்னு சொல்லிட்டு எறங்கிரு, ஊர்க்காரன் அதத்தான் கேக்க வாரான். நானா ஐயா, என்று கேட்டாள், இன்னும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், மேடையேறிய முதல் நாளும் இதையேதான் கேட்டாள், மின்வாரியத்துக் கணக்குப் பிரிவில் இருந்தவளை, ஆயுத பூஜைப் பட்டிமன்றத்துக்கு ஒரு பேச்சாளர் பஸ்ஸைத் தவறவிட்டார் என்று பிடித்துத் தள்ளிவிட்டார்கள், ஆபீஸ்ல நாள் பூரா பேசுதேல்லா, இங்கயும் பேசு, மாமியார் கதையைச் சொன்னாள், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, அன்று நடுவராக வந்திருந்த ஐயா அவளைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார், அன்று முதல் கைதட்டல் கேட்டாலே தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிற வியாதி அவளுக்கு, படித்தது பி.காம்., மற்றவர்களெல்லாம் முனைவர், புலவர், பெயருக்கு முன்னால் வேங்கை, அருவி, எரிமலை என்று ஏதாவது ஓர் ஆபத்தை மாட்டிக்கொண்டவர்கள், அவளுக்கு முன்னால் திருமதி மட்டும், வேனில் திரும்பும்போது எரிமலை குறட்டை விடும், அருவி வாயைப் பிளந்து தூங்கும், அவள் கண்ணயர்ந்தால் போதும், கனவில், கூட்டத்தில் துண்டுக்காரர் ஒருவர் எழுந்து நின்று, ஏம்மா, நீ தமிழ் எந்தக் காலேஜ்ல படிச்ச என்று கேட்பார், அவள் வாயைத் திறப்பாள், திறந்தால் மின்கட்டண பாக்கிதான் வரும், யூனிட் யூனிட்டாக, இதோ இப்போதும் மணலில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுகிறார், வந்துவிட்டது கேள்வி என்று நிமிர்ந்து உட்கார்கிறாள், அவர் பந்தலுக்குப் பின்னால் ஒன்றுக்குப் போகிறார்.

அதற்குள் கூட்டுக் குடும்ப அணித் தலைவர், உரைவேங்கை முனைவர் அறவாழி, கண்ணை மூடி, கையை உயர்த்தி, கூடி உறைவார் கூரையின் நிழலே என்று ஒரு சங்கப் பாட்டை எடுத்துவிட்டார், ஆஹா என்றது அவர் அணி, ஆஹாஹா என்றது எதிரணியும், அது மேடைச் சட்டம், பாட்டு வந்தால் ஆஹா, புரிந்தால் ஒன்று, புரியாவிட்டால் இரண்டு, வருடக்கணக்காக இரண்டு போட்டவள் செண்பகவடிவு, இதே வரிக்கு எத்தனையோ ஊரில் போட்டிருக்கிறாள், இன்றும் ஆ வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் நடுவர் முன்னால் மைக் இருக்கிறது, எல்லோரும் அவள் முகத்தையே பார்க்கிறார்கள், வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தாள், பின்னால் பேனரில் ஐயா சிரித்துக்கொண்டிருந்தார், பேனர் எழுந்து வந்து எதுவும் சொல்லப்போவதில்லை, சரி, போனால் போகிறது என்று, ஐயா, எனக்கு இந்தப் பாட்டு தெரியாது, எதுல வருதுன்னு சொல்லுங்க, நானும் படிச்சுக்கிடுதேன் என்றாள், மனசாரத்தான் கேட்டாள். வேங்கை தண்ணீர் குடித்தது, அகநானூறு என்றது, இல்லை புறம் என்றது, எதிரணியிலிருந்த எரிமலையைப் பார்த்தது, எரிமலை செல்போனைப் பார்த்தது, சொல்லுங்க சாரே, அந்தம்மா கேக்காகல்லா என்று மணலிலிருந்து ஒரு குரல், கடைசியில் வேங்கை பூனைக்குரலில், நான் எங்கம்மா படிச்சேன், கதிரேசபாண்டியன் ஐயா மேடையில சொல்லுவாக, கேட்டதுதான், என்றது, பந்தல் அதிரக் கூட்டம் சிரித்தது, அவள் சிரிக்கவில்லை, அப்படியானால் இத்தனை ஊரில் போட்ட இத்தனை ஆஹாவும், அப்படியானால் வேனில் அந்தக் குறட்டைகளுக்குள்ளும் அதே துண்டுக்காரர் எழுந்து நின்று கேட்டிருக்கிறாரா, தெரியாது என்று ஊரறியச் சொல்லியாயிற்று, தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, பாட்ட விடுங்கய்யா, உங்க வீட்டுல எத்தன பேரு என்று கேட்கிறாள், நானும் சம்சாரமும்தாம்மா, பையன் தனியா இருக்கான், அது வந்து, அவனுக்கு ஆபீஸ் பக்கம்னு, என்று வேங்கை இழுக்க, எந்தத் தெருவுல என்கிறாள், அடுத்த தெருவுல.

எல்லோரும் பேசி முடித்து அவள் எழுந்தபோது, மேடைக்குக் கீழே விழாக்குழுச் செயலாளர் இரண்டு கையையும் கோத்துக் கோத்துக் காட்டுகிறார், கூட்டு, கூட்டு, அவள் பார்த்தாள், பார்த்துவிட்டு மணலில் இருந்த பெண்களைப் பார்த்தாள், தனித்தனியா வீடு வச்சிக்கிட்டு கூட்டுக் குடும்பத்துக்குக் கைதட்டுதோம், என்றாள், ஒரே அடுப்புல மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கதவிட, அடுத்த தெருவுல இருந்து ஒரு கிண்ணம் மீன் குழம்பு குடுத்து விடுதவதான் சொந்தம், தனிக்குடித்தனம், இதுதான் என் தீர்ப்பு, முதலில் வளையல்கள் தட்டின, பிறகு அவர்களின் மாமியார்கள், கடைசியில் வேறு வழியில்லாமல் ஆண்கள். செயலாளர் புளித்த மோர் முகத்தோடு பொன்னாடையை ஏந்தி வந்து, ஐயாவுக்குப் பதிலா வந்து சமாளிச்ச சகோதரிக்கு, என்று ஆரம்பிக்கிறார், செண்பகவடிவு மைக்கைத் தன் பக்கம் திருப்பி, சமாளிக்கலண்ணே, தீர்ப்பு சொல்லிருக்கேன், நடுவர்னு சொல்லிக் குடுங்க, என்கிறாள், பந்தல் சிரிக்கிறது, அவர் பொன்னாடையை நீட்டியபடி நிற்கிறார், அவளும் நிற்கிறாள், அவர் தொண்டையைச் செருமி, நடுவர் செண்பகவடிவு அவர்களுக்கு, என்று முழுசாகச் சொல்லி முடிக்கிறவரை கையை நீட்டவில்லை.