கிருமியின், கிருமிக்கு

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த வாக்கியம் இது: "விடுதிச் சமையலர் லீமாவின் இரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமியின் எதிர்ப்பொருள் இருப்பதால், மறு அறிவிப்பு வரும்வரை அவருக்குச் சமையற்கூடத்தில் அனுமதி இல்லை."

நான் இந்த மலைப்பள்ளியின் தமிழாசிரியன். அலுவலகத்திலிருந்து சந்திப்பிழையின்றி வெளிவந்த அறிவிப்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த வியப்பில் இரண்டாம் முறை படித்தபோதுதான் பொருள் உறைத்தது.

விடுதிப் பணியாளர் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி என்ற மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போடச் செய்தது நிர்வாகம். ஊசி பலித்ததா என்றறிய இரத்தம் எடுத்து அடிவாரத்து ஆய்வகத்துக்கு அனுப்பியதும் நிர்வாகமே. லீமாவின் பரிசோதனை முடிவு முதலில் வந்துவிட்டது; மற்றவர்களுடையவை இன்னும் மலையேறவில்லை.

சமையற்கூடத்தின் பின்வாசலில், தண்ணீர்த்தொட்டி விளிம்பில் லீமா உட்கார்ந்திருந்தாள். நாயுடுபுரத்திலிருந்து நடந்து வந்தவளை அங்கேயே நிறுத்தியிருந்தார்கள். உள்ளே ஜன்னலோரம் அவளுடைய டம்ளர் தனியாக இருந்தது. அடையாளத்துக்கு அதில் சிவப்பு நூல் கட்டியிருந்தார்கள்.

"வெள்ளனே வந்தேன் சார். கூடச் சமைக்கிற ராஜகுமாரியே உள்ள வராதங்குறா. நேத்து வரைக்கும் என் தட்டுலயே கைய வச்சுத் தின்னவ. ஊசியப் போடுன்னதும் இவுகதான், நோயி இருக்குன்னு நிறுத்துனதும் இவுகதான். அந்த ஊசியிலயா சார் வந்துச்சு?"

"உனக்கு நோயே இல்ல."

"பாசிட்டிவ்னு போட்டிருக்காமே?"

"எது பாசிட்டிவ்னு ஒருத்தரும் பாக்கல. வா."

அலுவலக மேலாளர் சைமன் மலர்ந்த முகத்துடன் வரவேற்றார். "வாங்க பரமானந்தம் சார். நோட்டீஸ் பாத்தீங்களா? ஒத்தெழுத்தெல்லாம் செக் பண்ணித்தான் ஒட்டுனேன். உங்களுக்குப் பயந்து."

"ஒத்து சரிதான் சைமன். வேற்றுமை உருபுதான் ஆளக் கொல்லுது. 'கிருமியின்'னா அது கிருமியோட சொத்து. 'கிருமிக்கு'ன்னா பகை. ரிப்போர்ட்ல இருக்குறது பகை."

"எதிர்னு வருது, பாசிட்டிவ்னும் வருது. ரெண்டும் கெட்டதுதான சார்?"

சொல்ல வேண்டியதாயிற்று. கிருமியின் மேலுறையில் இருக்கும், உடம்புக்கு அந்நியமான பொருள் ஆன்டிஜென். அதன் வடிவத்துக்குப் பொருந்தி, அதைப் பற்றிக்கொள்ளும்படி உடம்பே செய்துகொள்வது ஆன்டிபாடி, தமிழில் எதிர்ப்பொருள். தடுப்பூசிக்குள் இருந்தது மேலுறைப்பொருள் மட்டும், கிருமி இல்லை.

"கிருமிங்கற ஆள உள்ள விடல சைமன். அவன் போடுற ஸ்வெட்டரை மட்டும் காட்டினோம். அந்த ஸ்வெட்டரோட எவன் வந்தாலும் பிடிக்க லீமா உடம்பு கை செஞ்சு வச்சிருக்கு. அந்தக் கையைத்தான் நீங்க நோயின்னு ஒட்டியிருக்கீங்க."

"அப்ப மத்தவங்களுக்கும் பாசிட்டிவ்னு வந்தா?"

"வரணும். வராதவங்களுக்குத்தான் மறுபடி ஊசி. இன்னொண்ணும் கேட்டுக்கங்க. அந்த நோய் இருந்தாலும் அது சோத்துலயோ டம்ளர்லயோ பரவாது. நூல் கட்டச் சொன்னது எந்த டாக்டர்?"

சைமன் எழுந்துபோய் அறிவிப்பைக் கிழித்தார். திரும்பி வந்து, "முடிஞ்சுது சார். லீமா, வெரசா உள்ள போ. மதியச் சோலி அப்பிடியே கெடக்கு" என்றார்.

லீமா நகரவில்லை.

"கிழிச்சா ஆச்சுங்களா? ஒட்டுனத எல்லாரும் படிச்சாக. கிழிச்சத யாருங்க படிப்பா?"

அந்த வாக்கியத்தில் நான் திருத்த ஒன்றுமில்லை. ஆகவே சைமனின் வாக்கியத்தைத் திருத்தினேன். மதிய மணி அடித்ததும் உணவுக்கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவரையே படிக்க வைத்தேன். "லீமாவின் இரத்தத்தில் கிருமிக்கு எதிர்ப்பொருள் இருக்கிறது. அதாவது ஊசி பலித்திருக்கிறது. நோய் இல்லை. முந்தைய அறிவிப்பு தவறு." அவர் 'க்கு' என்பதை விழுங்கினார். மறுபடி படிக்கச் சொன்னேன், படித்தார். பிறகு அதே பலகையில், அதே இடத்தில் ஒட்டினார்.

லீமா சமையற்கூடத்துக்குள் போனாள். ராஜகுமாரி சிவப்பு நூலை அவிழ்க்கக் கை நீட்டினாள். லீமா டம்ளரை விலக்கிக்கொண்டாள். நூலோடு அதில் டீ ஊற்றி, எல்லோரும் இருந்த உணவுக்கூடத்துக்குக் கொண்டுவந்து சைமனிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் ஆறட்டும், லீமா" என்றார் சைமன்.

"டீ வெரசா ஆறிரும், சார்" என்றாள் லீமா. நீட்டிய கையை இறக்கவில்லை.